போகாதவர்களையும் எண்ணியவர்

ஏறி உட்கார்ந்ததும் குனிந்து மீட்டரைப் பார்த்தார். என் வேனில் ஏறுகிறவர்கள் சீட்டைப் பார்ப்பார்கள், ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்தும் பிரயோசனமில்லை. ஐந்து வருடமாக அது ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஓடலியா அண்ணே?"

"கேபிள் போயிடுச்சு மேடம், போன வாரந்தான்" என்றேன்.

கேபிளைக் கழற்றிவிட்டவனே நான்தான். விற்கிற காலத்தில் குறைவாக ஓடிய வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம். அவர் கீழே இறங்கி தேய்ந்துபோன நான்கு டயர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பொய்யைப் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மீட்டர் ஓடினால்தான் வண்டியை எடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அரை நாள் வில்லியனூரில் ஒரு மெக்கானிக் கடையில் போனது. நான் எரிச்சலோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, அந்த மெக்கானிக் தினமும் எங்கிருந்து வருகிறார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறாரா, எந்த வழியாகப் போகிறார் என்றெல்லாம் கேட்டு ஒரு சர்வே ஃபார்மையே முடித்துவிட்டார். கடைசியில், எங்கேயாவது போக வேண்டும் என்று நினைத்துப் போகாமல் விட்டது உண்டா என்று கேட்டார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவரைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் வரும். பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய ஃபார்ம்களில் யார் பெயரும் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். கேட்டால், பெயர் எழுதினால் ஜனங்கள் பாதியை மறைப்பார்கள் என்பார். எனவே அவருக்கும் அதே மரியாதை.

என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவராக இருப்பார். ஒல்லி. வெயிலுக்கு ஆண்கள் வைத்துக்கொள்கிற பெரிய கறுப்புக் குடை. தோளில் ஒரு துணிப்பை, அதில் ஃபார்ம், பென்சில், ஒரு டப்பா நிறைய வறுத்த வேர்க்கடலை. யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் முதலில் அந்த டப்பாவை நீட்டுவார். கடலை வாயில் இருக்கிற ஆள் சீக்கிரம் விரட்டமாட்டான் என்பது அவருடைய அனுபவம்.

வேலை இதுதான். எங்கள் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் கரும்பும் நெல்லும் விளைந்த இடமெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கிறது. இப்படிப் புது வீடுகள் வர வர, பாண்டிச்சேரிக்குப் போகிற ரோடுகளில் வண்டிகள் எவ்வளவு கூடுதலாக ஓடுகின்றன என்று அளந்து சொல்ல வேண்டும். ஏதோ ஓர் ஆபீஸ் ஒரு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. கம்பெனி இவரையும், இவருக்குக் கீழே நான்கு பட்டதாரிப் பிள்ளைகளையும் அனுப்பியது. அவர்களை ஏற்றி இறக்க என் வேனை ஐந்து வாரத்துக்குப் பேசியிருந்தார்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூட டிரிப் உண்டு. காலையில் இவர்களை இறக்கிவிட்டு அதை முடித்துக்கொள்ளலாம், சாயங்காலமும் அப்படியே என்று ஒப்பந்தம்.

அளப்பது என்றால் ரோட்டோரம் நாற்காலி போட்டு, போகிற வண்டிக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. பாகூர் ரோட்டில் நாலு ரோடு கூடுகிற ஒரு கூட்ரோடு. பிள்ளைகள் இரண்டு நாள் கோடு போட்டுக் கை வலித்து, பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு வண்டியா, எல்லாம் புது மனைகளால் வந்ததுதான் என்று அவர்களுக்கு ஒரே குஷி. அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணே, இந்த வண்டிங்க எங்க போவுதுன்னு நெனைக்கிறீங்க?"

"பெட்ரோல் போட மேடம்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர் ரோடு பாண்டிச்சேரியில் கிளம்பி, ஒரு கரும்புத் தோட்டம் தாண்டுவதற்குள் தமிழ்நாட்டில் நுழைந்து, அடுத்த வாய்க்கால் வந்ததும் மறுபடி பாண்டிச்சேரிக்கு வந்துவிடும். அந்தாண்ட இருக்கிறவன் இந்தாண்ட வந்து பெட்ரோல் போடுவான். விலை குறைவு. சாயங்காலமானால் பெட்ரோலோடு வேறு சில தாகங்களும் சேர்ந்துகொள்ளும். கூட்ரோட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. பிள்ளைகள் நால்வரும் வெளியூர். அவர்களுக்கு யார் சொல்வது?

மறுநாள் அவர் பங்க்கில் போய் நின்றார். வண்டி வண்டியாகக் கடலை டப்பாவை நீட்டி, எங்கிருந்து, எங்கே, பெட்ரோலுக்காகவே வந்ததா, போகிற வழியில் போட்டதா என்று கேட்டார். இரண்டு நாள் கோடுகளில் பெரும்பகுதி அடிபட்டுப் போயிற்று. பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அவர்களைத் திட்டவில்லை. சாப்பிட வாங்கிக் கொடுத்து, நாளையிலிருந்து வீடு வீடாகப் போகலாம் என்றார். வண்டியை எண்ணினால் எத்தனை வண்டி என்றுதான் தெரியும், எவ்வளவு தூரம் ஓடியது என்பது ஆளைக் கேட்டால்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

வீடு வீடாகப் போனபோதுதான் அந்தக் கடைசிக் கேள்வி எனக்கே தொந்தரவாக ஆரம்பித்தது. குருவிநத்தத்தில் ஒரு தெருவில் வெயில் ஏறுவதற்குள் பத்து வீடுகளை முடித்திருக்கலாம். நான்குதான் முடிந்தது. எங்கே போனீர்கள் என்றால் ஜனங்கள் பட்பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எங்கே போகாமல் விட்டீர்கள் என்றால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓர் அம்மா கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ள செவ்வாய்க்கிழமை பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். காலை பஸ்ஸை விட்டால் மத்தியானம்தான். மருமகள் வேலைக்குப் போய்விடுகிறாள். இரண்டு மாதமாகப் போகவில்லை. அடுத்த வீட்டில் ஒருவர், காலில் அடிபட்டுக் கட்டுப் பிரித்தபின் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தும், ஆட்டோ கிடைக்காமல் வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் எதுக்கு மேடம் எழுதறீங்க? ஓடாத வண்டிக்கு ஏது கிலோமீட்டரு?" என்று நான் கேட்டுவிட்டேன். வண்டிக்குள் வெயில் கொதித்தது. பசி வேறு.

அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். "எங்க அக்கா பத்தாவதோட நின்னுட்டா அண்ணே. மேல படிக்கணும்னா பாகூர் போவணும், எங்க ஊருக்கு அந்த நேரத்துக்கு பஸ் கெடையாது. அப்பவும் சர்வேக்காரங்க வந்தாங்க. பஸ்ல எத்தன பேரு போறாங்கன்னு எண்ணிக்கினு போயிட்டாங்க. எங்க அக்கா அதுல வர்ல."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.  ஆனால் அன்றிலிருந்து தெருக்களில் நேரமானாலும் ஹாரன் அடிக்காமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம் அந்த நகருக்குப் போனோம். இங்கேதான் எனக்கும் அவருக்கும் வம்பு.

நகர் என்று நான் சொல்வது மெயின் ரோட்டை ஒட்டிப் புதிதாக வந்த குடியிருப்பு. ஒரே மாதிரி மாடி வீடுகள், தார் ரோடு, உயரமான தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், மெயின் ரோட்டில் ஒரே ஒரு கேட். பின்பக்கச் சுவருக்கு அந்தாண்ட ஒரு பழைய தெரு. அதில்தான் மளிகைக்கடை, மாவு மில், ஒரு தனியார் பள்ளிக்கூடம் எல்லாம். முன்பு அங்கே கரும்புத் தோட்டம் இருந்தபோது தெருக்காரர்கள் வரப்பு வழியாக ஐந்து நிமிடத்தில் மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவார்கள். சுவர் எழும்பியதும் அது போயிற்று. அவர்களும் சுற்றி வந்தார்கள், நகர்க்காரர்களும் சுற்றிப் போனார்கள். நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

என் பள்ளிக்கூட டிரிப் அந்தச் சுற்றுதான். நகரிலிருந்து பதினொரு பிள்ளைகள். கேட்டில் ஏற்றி, மெயின் ரோட்டில் போய், திரும்பி, தெருவுக்குள் நுழைந்து, அதே சுவரின் மறுபக்கம் இறக்கிவிடுவேன். இடைவேளையில் சில பிள்ளைகள் சுவருக்கு மேலே தெரிகிற தங்கள் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக் கையாட்டும். என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சுவரால்தான். சுவர் கட்டினவரை நான் மனதுக்குள் கும்பிடாத நாளில்லை.

அவர் நகரில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகப் போக, நான் வண்டியை விட்டு இறங்கி ஒவ்வொரு பதிலையும் ஒட்டுக்கேட்டேன். முட்டை வாங்க எங்கே போவீர்கள்? பின் தெருக் கடைக்கு. எப்படி? ஸ்கூட்டரில், சுற்றி. மாவு அரைக்க? அதேதான். சாயங்காலம் வேனில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர், "ஆறு முட்டைக்கு எட்டு கிலோமீட்டர் ஓடுறாங்க அண்ணே, போக வர" என்று சொல்லிச் சிரித்தார். பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன கேட் வைத்தால் பாதி ஓட்டம் நின்றுவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை.

தன்னுடைய சர்வே வண்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதங்களில் ஒன்று. அதனால் என்னிடமும் ஒரு ஃபார்ம் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லாரும் எங்கெங்கே போய்வருகிறார்கள், வேன் தினமும் எங்கே ஓடுகிறது, எல்லாம் அதில் உண்டு. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதை நிரப்பினேன். பள்ளிக்கூட டிரிப் என்ற இடத்தில், நகரிலிருந்து வில்லியனூர் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதினேன். வில்லியனூர் என்று எழுதிவிட்டால் என் ஓட்டம் சுவரால் வந்த சுற்றாகக் கணக்கில் வராது. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர்களை இறக்கிவிடும்போது ஃபார்மைக் கொடுத்தேன். எட்டே கால் மணிக்கு நகர் கேட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறபோது, கறுப்புக் குடையோடு அவரும் ஏறினார். என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து, குனிந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வில்லியனூருக்கு ஓட்டவா முடியும்? பள்ளிக்கூட மணி அடித்துவிடும். வாயை மூடிக்கொண்டு வழக்கமான வழியில் ஓட்டினேன். பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, "ஆன்ட்டி, எங்க வூடு ஸ்கூல்லேருந்து பாத்தா தெரியும்" என்று அவரிடம் பெருமையடித்தது. பள்ளிக்கூட வாசலில் பதினொன்றும் இறங்கி ஓடின. எஞ்சினை நிறுத்தினேன். மைதானத்துக்குப் பின்னால் சுவர், சுவருக்கு மேலே தண்ணீர்த் தொட்டி.

அவர் மறுபடி மீட்டரைப் பார்த்து எழுதினார். பையிலிருந்து என் ஃபார்மை எடுத்து, வில்லியனூரை ஒரே கோட்டில் அடித்து, சரியான ஊரை எழுதி, என் பக்கம் நீட்டினார்.

"பதினோரு வூட்டு ஃபார்மும் எங்கிட்டதான அண்ணே இருக்குது" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூசியது.

"பின்னால கேட் வந்துடுச்சுன்னா என் பொழப்பு இன்னா ஆவறது மேடம்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. இந்த வண்டியை நம்பித்தான் குடும்பம் என்பதையும், கூட்டிக்கழித்துப் பார்க்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் ஃபார்மின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"இன்னா எழுதறீங்க?"

"நீங்க கேட்டதத்தான். கேட் வந்தா வேன் ஓட்டுற ஒருத்தருக்கு வருமானம் போவும்னு. இத்த வுட்டுட்டு மீதிய மட்டும் எழுதினா அது பாதி கணக்கு அண்ணே."

எழுதினால் அடுப்பு எரியுமா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு சாயங்காலம் திரும்புகிறபோது கடலை டப்பாவை நீட்டினார், வாங்கவில்லை.

சர்வே முடிந்து சில வாரம் கழித்து நகர்க்காரர்களின் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி, மனை போட்ட கம்பெனியின் எஞ்சினியர், நகர்ச் சங்கத்துச் செயலாளர், பின் தெருவிலிருந்து சிலர். என்ன ஆகிறது பார்ப்போம் என்று நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கேட் கூடாது என்று செயலாளர் அடித்துப் பேசினார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். பின்னால் கேட் வைத்தால் கண்டவர்களும் உள்ளே வருவார்கள், பாதுகாப்பு போய்விடும் என்றார். பின் தெருக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் கண்டவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கேட் வேண்டாம்தான். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

கறுப்புக் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு அவர் எழுந்து, தன் சர்வே தாளைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தத் தெருவுலேருந்து தினமும் பத்தொன்பது பேர் இந்த நகருக்குள்ள வர்றாங்க சார். சமையலுக்கு, பாத்திரம் தேய்க்க, வயசானவங்களப் பாத்துக்க. உங்க வூட்டுச் சாவியே அவங்கள்ல சிலர்கிட்ட இருக்குது. கேட் இல்லாததால நாலு கிலோமீட்டர் சுத்தி வர்றாங்க, அவ்ளோதான்."

 முன்வரிசையில் இருந்த செயலாளரின் மனைவி, எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா தினமும் லேட்டாக வருவது அதனால்தானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. சிரிப்பு எழுந்தது. பிறகு செயலாளரின் மனைவியே எழுந்து, கேட்டைத் திறந்தால் என்ன, காலையில் திறந்து ராத்திரி பூட்டிக்கொள்ளலாமே என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். செயலாளர் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதிகாரி முடிக்கப் போகிற நேரத்தில், ஒரு வரி பாக்கி இருக்கிறது என்று சொல்லி, கேட் வந்தால் ஒரு வேன்காரருக்கு வருமானம் போகும் என்பதையும் அவர் சத்தமாகப் படித்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை பேர் முன்னால் என் நஷ்டத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.  வெளியே போய்விட்டேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது கேட்டும் திறந்துவிட்டது. நாலடி அகலம், நடந்தும் சைக்கிளிலும் மட்டும்தான் போகலாம். முதல் நாள் காலை வழக்கம்போல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பதினொரு பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி, டாடா காட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து போயின. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தாண்ட மைதானத்தில் அவற்றின் சத்தம் கேட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் காலி வண்டியோடு திரும்பி வந்து, இரண்டு நாள் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். அவரை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன்.

மூன்றாம் நாள் அவர் பஸ் பிடித்து எங்கள் ஊரான பண்டசோழநல்லூருக்கு வந்து, எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான் என் மரியாதை. என் மனைவி மோர் கொடுத்தாள். அவர் பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். போகாதவர்களின் கணக்கு. பெயர் இல்லை. ஊர், கிழமை, நேரம், எங்கே போக வேண்டியிருந்தது, எத்தனை பேர்.

"பேரு தர முடியாது அண்ணே. இது ரிப்போர்ட்லயே இருக்குது, யாரு வேணா பாக்கலாம். ஆனா யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க பாருங்க."

மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாளில் முதல் வரி குருவிநத்தம், செவ்வாய், காலை ஒன்பதுக்குள், பாகூர் ஆஸ்பத்திரி. அந்தச் செவ்வாய்க்கிழமை போய்க் கோயில் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. யாரோ கல்யாணத்துக்கு வந்த வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய் கண் மருந்து அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று, ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்திருக்கிறது என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா வந்தார், கூட ஒருவர் வந்தார். மூன்றாவது செவ்வாய் கால் அடிபட்டவர் உட்பட ஆறு பேர். மழைக்காலம் வருவதற்குள் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வண்டி நிறைந்தது. மற்ற கிழமைகளுக்குத் தாளில் வேறு வரிகள் இருந்தன. ஏம்பலம் பக்கத்தில் தையல் வகுப்புக்குப் போகிற பெண்கள், வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். என் வேனில் முன்சீட்டைத் தவிர இடமில்லை. அவர் உட்கார்ந்து மீட்டர் பார்த்த அந்தச் சீட்டில் மட்டும் யாரையும் ஏற்றுவதில்லை, அது என் பழக்கம்.

ஒரு வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அதற்குள் வேறு ஏதோ ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கேட் வந்தபின் யார் யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள் என்று திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நகரில் பாதி ஸ்கூட்டர்கள் சாயங்காலம் வெளியே வருவதில்லை என்று சொன்னார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. அடுத்து என்னுடைய ஓட்டத்தைக் கேட்டார். என் ஓட்டம் முன்பைவிடக் கூடியிருந்தது, கொஞ்சநஞ்சம் இல்லை. ஓட்டத்தைக் குறைக்கத்தானே இந்த அம்மா இத்தனை பாடுபட்டது? எண்ணைச் சொல்லிவிட்டு, "உங்க கணக்கு கெட்டுப்போவுமே மேடம், வேணா குறைச்சுப் போட்டுக்குங்க" என்றேன்.



"கெடாது அண்ணே. யார் யாரு வர்றாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கண் மருந்து அம்மாவில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். எழுதுகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். முடித்தபின், எல்லாம் சரி, இன்னொரு சந்தேகம் இருக்கிறது என்றார்.

"உங்க பழைய ஃபார்ம் கையில வச்சிருக்கேன். போகாம வுட்டதுன்னு கேட்ட எடத்துல, வூட்ல இருக்கிறவங்களுக்கு இல்லன்னு ஒரு கோடு போட்டிருக்கீங்க. உங்க வூட்டு அக்காவக் கேட்டுட்டா போட்டீங்க?"

வில்லியனூர் பொய்யில் மும்முரமாக இருந்ததில் அந்தக் கோட்டை எப்போது போட்டேன் என்றே நினைவில்லை. கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க. நான் திருத்திக்கிறேன்" என்று சொல்லி போனை வைத்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை.

அன்றைக்கு சாயங்காலம் என் மனைவி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் போய் அவள் முன்னால் நின்று, "எங்கனா போவணும்னு நெனச்சு போவாம வுட்டது இருக்குதா?" என்று கேட்டேன். எனக்கே கேலியாக இருந்தது. அவள் நிமிர்ந்து, நான் குடித்திருக்கிறேனா என்பதுபோலப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இந்த வருஷத்துலயா, கல்யாணம் ஆனதுலேருந்தா?"

ஆனதிலிருந்து என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப பெரிய பேப்பரா எடுத்துக்கினு வா" என்றாள்.

அவள் சொன்ன முதல் இடம் ஏம்பலத்தில் ஒரு வீடு. கூடப் படித்த சிநேகிதி. அவளுக்குப் பேத்தியே பிறந்துவிட்டதாம், இன்னும் போய்ப் பார்க்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். பச்சைக் கேட், வாசலில் முருங்கை மரம். எனக்குத் தெரிந்த வீடுதான். தையல் வகுப்பு நாளெல்லாம் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அந்த முருங்கைக் கிளை என் வண்டிக் கூரையில் உரசிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வாசலில் வண்டியை நிறுத்தினேன்.